வாங்குவோரும் விற்போரும்



முதலாளித்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவருட் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அதனைக் கண்டிப்போரை வேறு சிலர் நாட்டைக் கெடுப்போர் என்கின்றனர். இவர்கள் கொள்கையை ஆராய்ந்து பேசுகின்றனரா, அன்றித் தத்தம் நிலையினின்று பேசுகின்றனரா என்பதை நாம் சிந்திப்போமாக.

1953ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. மானியச் செலவைத் திறைசேரி தாங்காது என்பது அதன் வாதம். ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் மக்கள் திரண்டனர், உயிர்களும் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். திரண்டோர் பலரை வீதிக்கு அழைத்தது மார்க்ஸின் நூலன்று, வீட்டு உலையே.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகளிற் பொருள் நிறைந்தது. கமக்காரரின் வருவாயோ வீழ்ந்தது. வாங்குவோனுக்கு வரமானது விற்போனுக்குச் சாபமாயிற்று. இருவரும் தத்தம் அனுபவத்தையே உண்மையெனக் கொண்டனர். இருவர் சொன்னதும் பொய்யன்று.

தேயிலைத் தோட்டங்கள் இன்னுமொரு பாடம் புகட்டுகின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையும் நிருவாகமும் கைமாறியும், கொழுந்து பறிப்போர் பலர் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். தனியுடைமையைப் போற்றுவோரும் பொதுவுடைமையைப் போற்றுவோரும் இவர்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

ஆதலின், இளைஞர்களே, வணிகர் எல்லோரையும் கள்வர் எனத் தூற்றாதீர்கள். கண்டிப்போரைத் துரோகிகள் எனவும் பழிக்காதீர்கள். எக்கொள்கை பற்றியும் இரு வினாக்களை எழுப்புங்கள்: இதனால் நன்மை பெறுவோர் யார்? இதன் விலையைச் செலுத்துவோர் யார்? நமது விவாத மேடையிலே, நன்மை பெறுவோன் முதலில் இழப்போனின் வழக்கை எடுத்துரைக்கட்டும். அதன்பின் தன் கட்சியைப் பேசட்டும். அப்பொழுதுதான் நமது கருத்து நம் மடிச்சீலையின் குரலாய் நின்றுவிடாது, நியாயத்தின் குரலாகும்.