'ஹேவ்' கற்பிப்போம்: பிழைக்குள் இருக்கும் இலக்கணம்
(ஜவளகிரியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஒரே பெஞ்சில் அமரும் எல்லைப்புற ஊர் இது. 'ஹி ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்ற பிழை இம்மூவருக்கும் வரக்கூடியது. ஏன்?

தமிழில் "அவனுக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்" என்கிறோம். தெலுங்கில் "அதனிக்கி இத்தரு செல்லெள்ளு உன்னாரு". கன்னடத்தில் "அவனிகெ இப்பரு தங்கியரு இத்தாரெ". மூன்றிலும் உடையவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான்; எழுவாய் தங்கைகளே. ஆகவே வினைமுற்றும் தங்கைகளுக்கு ஏற்பப் பன்மையில் வருகிறது. ஆங்கிலத்தில் உடையவனே எழுவாய். அவனைப் பொறுத்துத்தான் 'ஹேவ்', 'ஹேஸ்' மாறும்.

குழந்தையோ தங்கைகளை எண்ணிப் பார்த்து 'ஹேவ்' எழுதுகிறது; தங்கை ஒருத்தி என்றால் 'ஐ ஹேஸ் எ சிஸ்டர்' என்கிறது. இப்பிழைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இதைக் கவனக்குறைவு என்று மட்டும் எண்ணிச் சிவப்பு மையால் சுழித்தால், தன் மொழியின் விதியைச் சரியாகப் பின்பற்றிய குழந்தை வாய்திறக்கத் தயங்கும்.

வகுப்பில் இப்படிச் செய்து பார்க்கலாம். முதலில் வாக்கியத்தை அவரவர் வீட்டுமொழியில் சொல்லச் செய்யுங்கள். நமக்குத் தெலுங்கோ கன்னடமோ தெரியாவிட்டாலும் குழந்தைகள் சொல்லித் தருவார்கள். 'யாருக்கு?' என்று கேட்டு, அச்சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அதையே ஆங்கில வாக்கியத்தின் முதலில் வைக்கச் சொல்லுங்கள். பின்பு 'ஹி ஹேஸ் ஒன் சிஸ்டர்', 'ஹி ஹேஸ் டூ சிஸ்டர்ஸ்' எனப் பயிற்சி கொடுங்கள். தங்கைகள் எத்தனை பேரானாலும் 'ஹேஸ்' மாறாது. அடுத்து ஆளை மாற்றுங்கள்: 'ஐ ஹேவ்', 'ஷி ஹேஸ்', 'தே ஹேவ்'. எது எதை மாற்றுகிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும்.

இன்னொன்று. உடைமையைச் சொல்லும்போது 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பதைவிட 'ஐ ஹேவ்' என்பதே பாடநூல் வழக்கு. 'ஐ ஆம் ஹேவிங் டீ' என்பது சரி. அங்கே 'ஹேவ்' என்றால் குடித்தல், அது நடந்துகொண்டிருக்கும் செயல்.

நாளை நம் மாணவர் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் நேர்காணலுக்குச் செல்லும்போது, தம் படிப்பையும் பயிற்சியையும் சொல்ல 'ஐ ஹேவ்' என்றே தொடங்க வேண்டியிருக்கும். அதைத் தயக்கமின்றிச் சொல்லும் துணிவை இன்றைய வகுப்பிலேயே கொடுப்போம்.