கேட்டுப் பழகும் கை

(நூற்றாண்டு நிறைவையொட்டி பட்டிப்பொலவில் நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் இது எங்கள் நான்கு பேரின் பேச்சு. நால்வரும் நம் பாடசாலையின் சங்கீத அறையில் பியானோ பழகியவர்கள். இப்போது வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு திசையில் இருந்தாலும், சில வருடங்களாக ஜாஸ் பியானோவைக் கேட்டுக் கேட்டுப் பழகி வருகிறோம். இன்று ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம். அதற்கு முன்னால், நாங்கள் வியந்து கேட்கும் கலைஞர்களிடமிருந்து என்ன படித்தோம் என்று சொல்ல வேண்டும்.

நம்மில் பியானோ பழகிய எல்லோருக்கும் ஒரே பாதைதான் தெரியும். புத்தகம், மூன்று பாட்டு, ஸ்கேல், இலண்டன் பரீட்சை, சான்றிதழ். அந்தப் பாதையில் ஒழுங்கு உண்டு. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு ஏதாவது வாசி என்றால் கை நின்றுவிடும். ஜாஸ் கலைஞருக்குப் புத்தகம் மூடிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, அதன் மேல் அந்த நேரத்திலேயே புதிதாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நம் கர்நாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்று சொல்வதற்கு மிகக் கிட்டியது அது.

இன்று உலகம் மதிக்கும் ஜாஸ் பியானோக் கலைஞர்களில் ஒருவர் விஜய் ஐயர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர். மூன்று வயதில் தொடங்கி 15 வருடம் முறையாகப் படித்தது வயலின். பியானோவைக் காதால் கேட்டுத்தான் பழகினார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தார். பிறகு 1998இல், இசையை உடம்பு எப்படி உணர்கிறது என்பதை ஆராய்ந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2014 முதல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பியானோவுக்கு அவருடைய குருமார் பெரும்பாலும் இசைத்தட்டுகளும், பக்கத்தில் நின்று வாசித்த மூத்த கலைஞர்களும்தான்.

அவரையும் மற்றவர்களையும் கேட்டு நாங்கள் பழகியதில் மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, கைக்கு முன்னால் வாய். பிடித்த வாசிப்பில் நான்கே விநாடியை எடுத்துக்கொள்வோம். யூடியூப்பில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. அதைப் பாடும் வரை பியானோவைத் தொடுவதில்லை. பாட வந்த பிறகு கை தேடிக்கொள்ளும். பிறகு அதே துண்டைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்க வேண்டும். அதற்கே ஒரு மாதம் போகும். ஆனால் அந்த நான்கு விநாடி பிறகு நம்மை விட்டுப் போகாது.

இரண்டாவது, இடது கையில் குறைவாக வாசிப்பது. பேஸ் வாசிப்பவர் கூட இருந்தால், கோர்டின் அடிச்சுரத்தை அவர் பார்த்துக்கொள்வார். பியானோவுக்கு மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் போதும். வீட்டில் கீபோர்ட் இருக்கும் தங்கைமார் இதை இன்றே செய்து பார்க்கலாம். டி மைனர் செவனுக்கு எஃப், சி. அடுத்து ஜி செவன் வரும்போது எஃப் அப்படியே இருக்க, சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகும். அடுத்து சி மேஜர் செவனுக்கு பி அப்படியே இருக்க, எஃப் மட்டும் அரைச் சுரம் இறங்கி ஈ ஆகும். மூன்று கோர்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் அசைகிறது. கை சின்னது, எட்டுச் சுரம் எட்டவில்லை என்று சொல்லி விட்டுவிட்ட பிள்ளைகளுக்கும் இது வரும்.

மூன்றாவது, தாளம். 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற இசைத்தட்டில் விஜய் ஐயர் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றை மட்டும் வைத்து வாசித்திருக்கிறார். அதில் 'கலாங்' என்ற பாட்டு இருக்கிறது. அதை முதலில் பாடியவர் மாயா அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அதே இசைத்தட்டின் வேறொரு பாட்டில், 3, 5, 8, 13 என்று முந்திய இரண்டைக் கூட்டி வளரும் எண் வரிசையை வைத்துத் தாளத்தைப் பிரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் எட்டை மூன்றும் ஐந்துமாகப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தகிட, தகதகிட. அவ்வளவுதான். அதற்குப் பியானோ வேண்டாம், ஒரு மேசை போதும். லயத்து அறையிலும் பழகலாம்.

பெண் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒரு பெண்ணின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேரி லூ வில்லியம்ஸ், 1910இல் பிறந்தவர். தாயின் மடியிலிருந்து காதால் பழகியவர். 1940களில் நியூயோர்க் ஹார்லெமில் இருந்த அவருடைய வீட்டுக்கு அன்றைய இளைஞர்கள் வருவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். அப்படி வந்தவர்களில் தெலோனியஸ் மங்க், பட் பவல் இருவரும் பிறகு நவீன ஜாஸ் பியானோவின் போக்கையே மாற்றினார்கள். பரீட்சையோ கட்டணமோ இல்லாமல் ஒரு பெண்ணின் வீட்டு அறையில் அந்தப் படிப்பு நடந்தது.

இதையெல்லாம் கேட்கும்போது எங்களுக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவரைப் பாருங்கள். தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி பார்க்கிறார். கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. எதையும் எழுதி வைத்ததில்லை. பெரியவருக்குப் பக்கத்தில் நின்ற பையன் முதலில் கேட்டான், பிறகு மெல்லத் தட்டினான், ஒருநாள் தானே அடித்தான். ஜாஸ் கலைஞர் படிப்பதும் இதே முறையில்தான். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் உருவாக்கிய அந்த இசையையும் தாழ்ந்த இசை என்று ஒரு காலம் ஒதுக்கியது. இன்று அது பல்கலைக்கழகப் பாடம். தப்பைச் சாதியின் பெயரால் நாம் இன்னும் வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

இனி எங்கள் கோரிக்கை. நம் சங்கீத அறையின் பியானோ பரீட்சைக்குப் போகும் சில பிள்ளைகளுக்கு மட்டும்தான் திறக்கிறது. கட்டணம் கட்ட முடியாத தோட்டத்துப் பிள்ளை, காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த தவணையிலிருந்து வாரத்தில் ஒரு பின்னேரம் அந்த அறையை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். அன்று பரீட்சைப் பாடம் வேண்டாம். கேட்பது, பாடுவது, தட்டுவது, பிறகு வாசிப்பது. நாங்கள் நால்வரும் முறை வைத்து வந்து கூட இருப்போம். தவணைக்கு ஒரு தடவையாவது தோட்டத்துத் தப்புக் கலைஞர் ஒருவரை அழைத்து, மரியாதை செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்வோம்.

பரீட்சையை விடச் சொல்லவில்லை. நொட்டேஷன் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு கதவு திறக்கிறது. 15 வருடம் முறையாக வயலின் படித்த விஜய் ஐயருக்கு அந்தப் படிப்பு வீண்போகவில்லை. சான்றிதழ் வேண்டியவர் அதையும் எடுக்கட்டும். அது கிடைக்காதவளுக்கும் இசை கிடைக்கட்டும் என்பதே எங்கள் பேச்சு.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் இடம் இது. இந்த மூடுபனியில் மரம் ஊறி, கட்டைகள் இறுகிவிடும். கம்பி துருப்பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை பியானோவைப் பார்த்துச் சுருதி கூட்டும் செலவை நூற்றாண்டு நிதியிலிருந்து ஒதுக்கித் தாருங்கள். பெயர்ப் பலகை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.