வித்தறிந்தார்க்கு மறைவில்லை



தாயக்கட்டையை உருட்டுகின்றவன் அடுத்து விழப்போவது எதுவென்று அறியான். அவ்வறியாமையே ஆட்டத்தின் உயிர். கணிப்பொறியோ இதற்கு முற்றும் மாறான இயல்பினது. இட்ட கட்டளையை இட்டவாறே செய்யும். ஒரே கணக்கை ஆயிரம் முறை கொடுப்பினும் ஆயிரம் முறையும் ஒரே விடையையே தரும். அத்தகைய கருவியை நோக்கி, 'உன் போக்கில் ஓர் எண்ணைச் சொல்' என்றால் அஃது எங்ஙனம் சொல்லும்? சொல்லாது, சொல்வதுபோல் நடிக்கும். அந் நடிப்பின்மேல் எத்துணைக் கருவிகள் கட்டப்பெற்றுள்ளன என்பதும், அந் நடிப்புப் பிழைத்தவிடத்து என்ன நேர்ந்தது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்ளல் நன்று. முன்வந்ததற்கும் பின்வருவதற்கும் தொடர்பின்றி எதுவும் வரலாம் என்னும் நிலையைத் தமிழகப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் 'எழுமாற்று' என்கின்றன. எல்லா எண்ணும் ஒத்த வாய்ப்புடன் வருதல் வேறு. அடுத்து வருவது இன்னதென முன்னறிய இயலாமை வேறு. இங்குப் பின்னதே தலையாயது ஆகலின், ஈழத்தார் சொல்லே எடுத்தாளப்படுகின்றது. (இரண்டு சொற்கள் கைக்குள் இருக்க, 'ரேண்டம்' என்றெழுதி ஓரத்தில் விளக்கம் தேடுவார் இன்னும் உளர்.) கணக்கு முறையால் ஆக்கப்பெற்று எழுமாற்றெண்போல் தோன்றுவதைப் போலி எழுமாற்றெண் என்க.

இதன் தேவை அணுக்குண்டு ஆய்வில் எழுந்தது. 1946-இல் நோயினின்று தேறிவந்த கணக்கறிஞர் உலாம், தனித்தாடும் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். கணக்கிடுவதினும் பன்முறை ஆடிப்பார்த்து வென்றவற்றை எண்ணுவது எளிதென அவர்க்குத் தோன்றியது. அவ்வழியே அணுக்கருவினின்று சிதறும் நொதுமிகளின் போக்கையும் கணிக்கலாம் என்று வான் நியூமனும் அவரும் கண்டனர். சூதாட்ட நகரின் பெயரால் மாந்தே கார்லோ முறை எனப்பெற்ற அது, 1948-இல் எனியாக்குக் கணிப்பொறியில் இயக்கப்பட்டது. அதற்கு எண்ணற்ற எழுமாற்றெண்கள் வேண்டும். அட்டைகளில் துளையிட்டு உள்ளிடுவதோ மிக மெல்லவே நடக்கும். உள்ளேயே தேக்கிவைக்கவும் இடமில்லை. ஆகவே, கணிப்பொறியே தனக்கு வேண்டியவற்றை ஆக்கிக்கொள்ளுமாறு வான் நியூமன் ஒரு வழி வகுத்தார்.

அவ்வழி பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கத் தக்கது. நான்கிலக்க எண் ஒன்றை அதனாலேயே பெருக்கி, விடையின் நடு நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்க; அதனை மீண்டும் அவ்வாறே பெருக்குக. 1234-இல் தொடங்கினால் 01522756 வரும். நடுவில் உள்ளது 5227. அதனைப் பெருக்க 27321529, நடுவில் 3215. அடுத்தது 3362. பார்ப்பவர்க்கு இவற்றினிடை யாதொரு தொடர்பும் தோன்றாது. ஆனால் தொடக்க எண்ணை அறிந்தவர்க்கு எல்லாம் வெளிச்சம். அத் தொடக்க எண்ணே வித்து எனப்படும். இம் முறையில் பெருங்குறையும் உண்டு. 2500 என்னும் எண் வந்துவிட்டால் 06250000 ஆகி நடுவில் மீண்டும் 2500-ஏ நிற்கும்; செக்குமாடுகூட வட்டமிடும், இதுவோ நின்றவிடத்திலேயே நிற்கும். கணக்கு முறையால் எழுமாற்றெண் ஆக்க முயல்வார் தவறிழைக்கின்றார் என வான் நியூமன் தாமே நகையாடியதும் உண்டு.

1949-இல் இலேமர் காட்டிய வழி இதனினும் சீரியது: பெருக்கு, வகு, மீதியை எடு. 1-ஐ மூன்றால் பெருக்கி ஏழால் வகுத்து மீதியை எடுத்துச் சென்றால் 1, 3, 2, 6, 4, 5 என வந்து மீண்டும் 1 ஆகும். சிறிய எண்களாதலின் சுழற்சி ஆறில் முடிந்தது. பேரெண்களைத் தேர்ந்தால் நெடிது செல்லும். தேர்வு பிழைத்தாலோ கேடு. ஐ.பி.எம். கணிப்பொறிகளில் 1960-களில் பரவிய 'இராந்து' என்னும் முறை 65539-ஆல் பெருக்கியது. அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து இடவெளியில் புள்ளிகளாக இட்டால், எங்கும் சிதறிக் கிடக்கவேண்டியவை வெறும் பதினைந்து தட்டுகளில் அடுக்கி வைத்தாற்போல் விழுந்தன. இவ்வகை முறைகள் அனைத்திற்கும் உரிய இக்குறையை மார்சாக்குலியா 1968-இல் கணக்கால் மெய்ப்பித்தார். அதற்குள் அம்முறையை நம்பி எத்தனை ஆய்வுகள் முடிவு கண்டிருந்தனவோ! பின்னர் 1998-இல் சப்பானியர் மாட்சுமோட்டோவும் நிசிமுராவும் வெளியிட்ட முறையின் சுழற்சி, இரண்டை 19937 முறை பெருக்கிவரும் எண்ணில் ஒன்று குறைந்த அளவினது. இன்று ஆய்வுக் கணக்குகளில் பெரிதும் பயில்வனவற்றுள் அஃது ஒன்று.

இனிக் கருவிகளைக் காண்போம். போலி எழுமாற்றெண்ணின் குறையெனத் தோன்றுவது ஒன்று உண்டன்றோ, வித்து ஒன்றாயின் விளைவும் ஒன்று என்பது? அக்குறையே கருவி செய்வார்க்குப் பெரும்பேறு ஆயிற்று. சேய்மையில் உள்ள இருவர் ஒரே வித்தினின்று ஒரே வரிசையை ஆக்கிக்கொள்ளலாம். இடையில் நிற்பவனுக்கு அது வெற்றிரைச்சல்.

இவ்வெண்ணத்தின் முன்னோடி ஒரு திரைப்பட நடிகையார். ஏடி இலமார் என்பாரும் இசைவாணர் சியார்சு ஆந்தைலும் 1942-ஆம் ஆண்டு ஆகத்து 11-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றனர். நீரடியிற் செல்லும் கணையை வானலையால் செலுத்துங்கால் பகைவர் அவ்வலையை இடைமறித்துக் குலைத்துவிடுவர். அதனைத் தவிர்க்க, அனுப்புவதும் பெறுவதும் ஒருசேர அலைவெண் மாறித் தாவிச் செல்லவேண்டும். தாவும் ஒழுங்கை இரு பக்கத்தும் பியானோவின் துளைத்தாள் சுருள்கள் காட்டவேண்டும் என்பது அவர்தம் கருத்து. 88 அலைவெண்கள் குறிக்கப்பட்டன. பியானோவின் கட்டைகளும் 88. கப்பற்படை அன்று அதனை ஏற்கவில்லை. பிற்காலத்தில் துளைத்தாளின் இடத்தைப் போலி எழுமாற்றெண் பற்றிக்கொண்டது. காதில் செருகும் கம்பியில்லாக் கேட்பொறிகளுக்கு உதவும் புளூடூத்து முறையின் பழைய வகை, 79 அலைவழிகளினிடையே நொடிக்கு 1600 முறை தாவுவது இவ்வாறே.

இதனினும் வியத்தகு பயன் வானில் உள்ளது. கைப்பேசியை வைத்திருப்பவர் தாம் நிற்குமிடத்தை அறிய உதவும் சி.பி.எசு. துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் முதற்கோள் 1978-இல் ஏவப்பட்டது. பொதுமக்கட்குரிய குறிகளை அவை யாவும் ஒரே அலைவெண்ணில், 1575.42 மெகாஏர்ட்சில், அனுப்புகின்றன. ஒரே மேடையில் பலர் ஒருங்கே பேசினால் ஒன்றும் விளங்காதே. இங்கு மட்டும் எவ்வாறு விளங்குகின்றது?

பத்து அறைகள் வரிசையாக உள்ளன என்று கொள்க. ஒவ்வொன்றிலும் சுழியோ ஒன்றோ இருக்கும். தாளத்திற்கேற்ப எல்லாம் ஓர் அறை நகரும். கடையறையில் உள்ளது வெளியே விழும். குறித்த சில அறைகளில் உள்ளவற்றைக் கூட்டி, ஒற்றையாயின் ஒன்றும் இரட்டையாயின் சுழியும் முதலறையில் புகும். பத்து அறைகளுக்கு 1024 நிலைகள் உண்டு. எல்லாம் சுழியாகிய நிலை என்றும் சுழியாகவே கிடக்கும் ஆகலின், அதனை நீக்க 1023. அறைகளைத் தக்கவாறு தேர்ந்தால் அத்தனை நிலைகளையும் தொட்ட பின்னரே வரிசை மீளும். இத்தகைய இரண்டை இணைத்து, ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போகும் பல வரிசைகளை ஆக்கும் வழியை 1967-இல் கோல்டு என்பார் கண்டார். ஒவ்வொரு கோளுக்கும் அவற்றுள் ஒரு வரிசை உரிமையானது. அது நொடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

கைப்பேசியும் அதே வரிசையைத் தன்னுள் ஆக்கி, சிறிது சிறிதாகத் தள்ளித் தள்ளிப் பொருத்திப் பார்க்கும். பொருந்தாதவரை ஒன்றும் தோன்றாது. பொருந்திய அக்கணத்தில் 1023 துணுக்குகளும் ஒருங்கே கூடி, இரைச்சலுக்குள் புதைந்துகிடந்த குறியை மேலே தூக்கிக் காட்டும். பிற கோள்களின் வரிசைகள் பொருந்தாமையால் ஒதுங்கிவிடும். எவ்வளவு தள்ளினால் பொருந்திற்று என்பதே காலத்தாழ்வு, காலத்தாழ்வே தொலைவு. ஒரு துணுக்கின் நீளம் வானில் ஏறத்தாழ 293 மீட்டர். அதன் சிறு கூறுகளையும் அளப்பதால் சில மீட்டர் அளவிற்கு இடம் துலங்குகின்றது. கைப்பேசியின் கடிகாரப் பிழையையும் நீக்கவேண்டியிருத்தலின் கோள்கள் நான்கேனும் வேண்டும்.

வேறு பயன்களும் பல. தொலைக்காட்சிக் குறிகளில் நெடுக ஒன்றே தொடர்ந்து வந்தால் பெறுங்கருவி தாளம் தவறும். ஆதலின் போலி எழுமாற்று வரிசையைக் கூட்டிக் கலைத்து அனுப்பிப் பெறுமிடத்தில் கழித்துவிடுவர். 1984-இல் வெளிவந்த 'எலைட்டு' என்னும் கணிப்பொறி விளையாட்டு, எட்டு விண்மீன் திரள்களில் 256 உலகங்கள் வீதம் காட்டியது. அவற்றை நினைவகத்தில் வைக்க இடமில்லாமையால் வித்தினின்று வேண்டும்போது முளைக்கச் செய்தனர்.

இதுகாறும் சொல்லப்பட்டவற்றில் வரிசை ஊரறிந்ததாயினும் தீங்கில்லை. சி.பி.எசு. வரிசைகள் வெளிப்படையாக அச்சிடப்பட்டவையே. மறைக்குறியீட்டிலோ நிலை தலைகீழ். பணவைப்பகத்தோடு ஒருவர் கைப்பேசிவழித் தொடர்புகொள்ளுங்கால் அச்செய்தியைப் பூட்டும் திறவுகோல் எழுமாற்றெண்ணால் ஆவது. பூட்டு எத்துணை வலிதாயினும் வித்து வெளிப்பட்டால் கதவு திறந்துகிடக்கும்.

1995-இல் நெட்சுகேப்பு உலாவியில் இது நேர்ந்தது. அதன் வித்து, பொறியின் நேரத்தையும் இயங்கும் நிரல்களின் வரிசையெண்களையும் கொண்டு ஆக்கப்பட்டிருந்தது. நேரத்தை ஊகிக்க யாரால் ஆகாது? பெர்க்கிலி மாணவர் இருவர் அதனை உடைத்துக் காட்டினர். 2006-இல் தெபியன் இயங்குதளத்தைப் பேணுவோர், ஓர் ஆய்வுக் கருவி குறை சொன்னதென்று இரண்டு வரிகளை நீக்கினர். அவையே வித்திற்கு உரமூட்டிய வரிகள். நிரலின் வரிசையெண் மட்டும் வித்தாக எஞ்சிற்று. பொறிவகையும் அளவும் ஒன்றாயின், உலகெங்கும் உருவான திறவுகோல்கள் 32,768-க்கு மேற்படாத சிறு பட்டியலுள் அடங்கின. 2008 மே திங்களில் இது வெளிப்படும்வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள், எவரும் உணரவில்லை. எண்கள் பார்வைக்கு ஒழுங்கற்றே இருந்தன, அதுவே தீமை. பழுதான எழுமாற்றெண் பழுதென்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

இவை கவனக்குறைவால் நேர்ந்தவை. அமெரிக்கத் தர நிறுவனம் 2006-இல் உலகிற்கு வழங்கிய நான்கு முறைகளுள் ஒன்றோ வேறு வகையது. அம்முறையில் இரு நிலையெண்கள் இருந்தன; அவை எங்ஙனம் பெறப்பட்டன என்பதற்கு விளக்கமில்லை. அவற்றினிடை உள்ள தொடர்பை ஒருவர் முன்னரே அறிந்திருப்பின், வெளிவரும் எண்களைச் சிறிது கண்ட அளவில் இனி வரும் அனைத்தையும் அவர் கணித்துவிடலாம் என்று 2007-இல் ஆய்வாளர் இருவர் காட்டினர். அதன் பின்னும் அம்முறை விலக்கப்படவில்லை. 2013-இல் சுனோடன் வெளியிட்ட ஆவணங்கள் அந்நாட்டு ஒற்றமைப்பின் மேல் ஐயத்தை வலுவாக்கின. 2014-இல் தர நிறுவனம் அதனைத் தன் பரிந்துரையினின்று நீக்கியது. ஏழெட்டு ஆண்டுகள், பிறர் ஆக்கித் தந்த பூட்டின் மறுதிறவுகோல் யாரிடம் உள்ளது என்று கேளாமலே பலர் அதனைத் தம் கதவில் மாட்டியிருந்தனர்.

இக்கால இயங்குதளங்கள் வித்தினை ஒரே இடத்தில் வாங்குவதில்லை. விசைப்பலகை தட்டப்படும் இடைவெளி, வட்டில் எழுதப்படும் நேரம், சில்லினுள் வெப்பத்தால் எழும் மின்னிரைச்சல் முதலானவற்றையெல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. சில்லாக்குவோர் தம் சில்லிலேயே எழுமாற்றெண் பொறியை வைத்துக் கொடுத்தபோதும், இலினக்சைப் பேணுவோர் அதனை அப்படியே பயன்படுத்தாது பிறவற்றோடு கலந்தே கொள்கின்றனர். கலவையில் ஒன்று கெட்டிருப்பினும் ஏனையவை அறியப்படாதவரை விளைவு அறியப்படாது.