பழைய ஜீப்பில் தண்ணீர் குறைகிறதா?

(காரிமங்கலத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



உழவியல் பாடம் நடத்துகிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. பாலக்கோட்டுக்குத் தக்காளி போவதும், செவ்வாய்ச் சந்தைக்குத் தேங்காய் வருவதும் இன்று மாட்டு வண்டியில் அல்ல. 1994-இல் வந்த டாடா சுமோவும் 2000-இல் வந்த மகிந்திரா பொலிரோவும் இன்னும் பல தோட்டங்களில் ஓடுகின்றன. அவற்றின் என்ஜின் சூடேறி நின்றால் அன்றைய சரக்கும் போயிற்று, கையிருப்பும் போயிற்று.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கோடையில், சேலத்திலிருந்து என் தகப்பனாரின் பழைய ஜீப்பில் திரும்பிக் கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவசரப்பட்டு ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீர் பீறிட்டு முன்கை வெந்துபோயிற்று. பிறகு கேட்பார் பேச்சைக் கேட்டு ரேடியேட்டரையே புதிதாக மாற்றினோம். பத்தாம் நாள் மறுபடியும் தண்ணீர் இல்லை. ஒழுகியது ரேடியேட்டர் அல்ல, வாட்டர் பம்ப். கையும் வெந்தது, காசும் வீணாயிற்று.

செடி வாடினால் வேரைப் பார்க்காமல் மருந்து அடிக்கலாமா? அதுபோலத்தான் இதுவும். தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ட பிறகே செலவு செய்ய வேண்டும்.

சூட்டில் மூடியைத் திறவாதீர்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 110 டிகிரியிலும் அது கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், நீர் ஆவியாகச் சீறும். ஆகவே முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை, அரை மணிக்கு மேலானாலும், காத்திருங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கலாம்.

ஒழுகும் இடத்தைக் கண்டறிதல்

இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். விடியற்காலையில் சொட்டு விழுந்த இடமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

சொட்டு முன்கோடியில் விழுந்தால் ரேடியேட்டரையோ அதன் ஹோஸ்களையோ பாருங்கள். ஹோஸை அழுத்தினால் கொழகொழவென்றிருந்தாலும், வெடிப்புக் கண்டிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கிளாம்பை இறுக்குவதாலேயே நின்றுவிடும் ஒழுக்கும் உண்டு. பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் ஒழுக்கு அங்கேதான்.

ஃபேன் பெல்ட்டுக்கு நேர்கீழே சொட்டினால் வாட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம். அதன் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள் சீல் தேய்ந்தால் அதன் வழியே நீர் கசியும். என் வண்டியில் நடந்தது இதுதான். ஏ.சி. ஓடிய பின் விழும் தெளிந்த, நிறமற்ற நீர் குற்றமல்ல.

அட்டை உலர்ந்தே இருந்தும் தண்ணீர் குறைகிறதா? முதலில் மூடியின் ரப்பரைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, ஓடும்போதே நீர் வெளியேறிவிடும். மூடி நன்றாக இருந்தால், ஆறிய என்ஜினில் அதைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்தாலும், ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும், புகைபோக்கியில் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக் கூடும். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்து, கைப் பம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் குறையாமலே சூடேறினால், ரேடியேட்டரின் சிறகுகளில் தூசியும் பூச்சியும் பதரும் அடைத்திருக்கும். ஆறிய பின், என்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, மெதுவான நீரால் கழுவுங்கள். என்ஜின் கொதித்தும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்றோ, உள்ளே அடைப்பு என்றோ கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியமல்ல. என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் வீணாகும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம்?

நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் செயலுக்கு வந்தது. ஆனால் ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு அல்ல. கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமுமே அதைச் செய்கின்றன. சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கும் அதே வெள்ளைப் படிவம்தான் இங்கும் படிகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள ஆழ்குழாய் நீரை நாள்தோறும் ஒரு லிட்டர் ஊற்றி, அது ஆவியாகவே போய்க்கொண்டிருந்தால், 100 நாளில் 50 கிராம் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே கையேட்டில் கண்ட கூலண்டை, டிஸ்டில்டு வாட்டருடன் சொல்லிய அளவில் கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் கழுவும் அமிலம் வீட்டில் இருக்கிறதே என்று அலுமினிய ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள். அது உலோகத்தையே அரித்துவிடும். மஞ்சள் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் ஒழுக்கை அன்றைக்கு அடைக்கலாம். மறுநாள் நுண்குழாய்களையும் அடைத்துவிடும்.

இன்னொன்று. வடித்த கூலண்டை வாய்க்காலிலோ தொட்டி ஓரத்திலோ கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். மாடும் நாயும் நக்கிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்கும் எட்டாதபடி மூடிய டப்பாவில் வைத்து, பணிமனையில் ஒப்படையுங்கள்.

வாரம் ஒருமுறை, விடியற்காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி நீர்மட்டத்தையும் ஹோஸையும் பெல்ட்டையும் பாருங்கள். வயலைச் சுற்றி வருகிற கண்ணுக்கு இது பெரிய வேலையல்ல. நான் கை வெந்து கற்றதை நீங்கள் கேட்டே கற்றுக்கொண்டால் அதுவே எனக்கு மகிழ்ச்சி.