கல்லில் உளியும் கல்வெட்டில் பெயரும்



தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாள்தோறும் வந்து செல்வோர் ஆயிரக்கணக்கினர். பேருந்தினின்று இறங்குவர், கேரளாந்தகன் வாயிலைக் கடப்பர், இராசராசன் வாயிலில் நின்று ஒளிப்படம் எடுப்பர், பெரிய விடையின் முன் சற்றே நிற்பர், கருவறை சென்று கும்பிடுவர், வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, 'இதன் நிழல் தரையில் விழுவதில்லையாமே!' என்று வியப்பர். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் ஆயிரம் ஆண்டைக் கண்டுவிட்டதாக நிறைவெய்தி மீள்வர்.

நிழல் விழாது என்பது பொய். காலையிலும் மாலையிலும் அக்கோயிலுக்குச் செல்வோர் எவரும் நெடுநிழல் நீண்டு கிடப்பதைக் கண்ணாரக் காணலாம். அடி அகன்று நுனி குறுகிய கட்டடம் ஆகையால், நண்பகலில் அதன் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அவ்வாறே. அது பல கற்களை இணைத்து அமைத்த முடி. விடையையும் இராசராசன் காலத்ததென்றே வழிகாட்டுவோர் கூறுவர். இன்றுள்ள விடை நாயக்கர் காலத்தது.

இப்பொய்களால் என்ன கேடு என்று வினவலாம். கேடு உண்டு. ஏறத்தாழ 216 அடி உயரத்திற்குக் கருங்கல்லை அடுக்கி, பதின்மூன்று நிலைகளாக எழுப்பி, ஆயிரம் ஆண்டு சாயாமல் நிறுத்திய கணக்கறிவு இருக்கிறதே, அதனை வியக்க வேண்டிய இடத்தில் இல்லாத நிழலை வியக்கும்படி செய்வதே அக்கேடு. தஞ்சையைச் சுற்றிலும் வண்டல் வயல். கருங்குன்று ஒன்றேனும் அருகில் இல்லை. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து உடைத்து இழுத்துக் கொணர்ந்த கல் அத்தனையும். இழுத்தவன் தோளையும் அடுக்கியவன் அறிவையும் மறைத்து, மாயத்தின் தலையில் புகழைச் சூட்டுவது நன்றியாகுமா?

இதனினும் பெரிய மறதி ஒன்று உண்டு. இக்கோயிலை எடுப்பித்தவன் யார் என்பதையே தமிழர் மறந்து கிடந்தனர்! கரிகாலன் தன் நோய் நீங்கக் கட்டினான் என்று தலக்கதை ஒன்று வழங்கியது. பல நூற்றாண்டுகள் அக்கதையே செவிவழி ஓடிற்று. 1886ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த செருமானிய அறிஞர் ஊல்சு, அக்கோயிற் சுவர்களைப் படித்தார். எடுப்பித்தவன் முதலாம் இராசராசனே என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். அவர் புதையல் எதையும் தோண்டி எடுத்துவிடவில்லை. கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிலும், மண்டியிட்டால் கண்ணெதிரே தோன்றும் உயரத்தில், அழகிய தமிழெழுத்தில் வெட்டப்பட்டிருந்ததைப் படித்தார், அவ்வளவே. அச்சுவரின் ஓரமாக வலம்வந்த தலைமுறைகள் எத்தனை! அவர்களுள் படிக்கத் தெரிந்தோரும் இருந்திருப்பர். படிக்க வேண்டும் என்று தோன்றியவரே இல்லை.

அக்கல்வெட்டுகள் கூறுவன யாவை? இராசராசன் தான் கொடுத்ததையும், தன் தமக்கை குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டச் செய்தான். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் உச்சிக் குடத்தை ஈந்ததைச் சொல்லும் இடமும் உண்டு. அது 1010ஆம் ஆண்டு. அரசன் தன் கொடையைச் சொல்லிக் கொள்வதில் புதுமை ஒன்றுமில்லை. புதுமை வேறிடத்தில் இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் வருவித்துத் தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் நானூற்றுவர். அந்நானூற்றுவர் பெயரும், அவர்கள் எந்தக் கோயிலினின்று வந்தார்கள் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் இருந்தார்கள் என்பதும் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. ஒரு பங்காவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், குழலூதுவோர், வீணை வாசிப்போர், கணக்கர், குடைபிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர்தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என்று அப்பட்டியல் நீள்கிறது. அடுப்பில் பானை ஏற உதவிய குயவனும் அக்கல்லில் இருக்கிறான்.

அப்பட்டியலில்தான் தமிழ்க் கட்டடக் கலையின் ஒப்பற்ற பெயர் வருகிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே பட்டமாகச் சூட்டிய தச்சன் அவன். அவனுக்குத் துணையாக நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என இருவர் பெயரும் உள. கோயில் முழுவதையும் வகுத்தவன் குஞ்சரமல்லனே என்று அக்கல்வெட்டு வெளிப்படையாகக் கூறவில்லை; பங்கு பெற்ற தலைமைத் தச்சன் என்றே குறிக்கிறது. எனினும் அப்பட்டமும் அவ்விடமும் அவன் தகுதியைக் காட்டப் போதுமானவை. நாவிதன் ஒருவனுக்கும் இராசராசன் பெயரால் பட்டம் உண்டு என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. தலைமழிப்பவனுக்கும் தன் பெயரை ஈந்த அரசனின் கோயிலில், பின்வந்தோர் தொழில்பற்றி உயர்வு தாழ்வு பேசினர் என்பது வரலாற்றின் கொடுமை.

இன்னொன்றும் அச்சுவரில் உண்டு. பெருவுடையார் முன் திருப்பதிகம் பாடுவதற்கென 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிப்பவர் ஒருவர், மத்தளம் கொட்டுபவர் ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். தமிழ் பாடுவதற்கு அரசு அளந்த கூலி அது! அதே கோயிலில் 2020ஆம் ஆண்டு பிப்பிரவரி 5ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தபோது, தமிழும் வடமொழியோடு ஒலிக்க வேண்டும் என்பதற்கு மதுரையிலுள்ள உயர்முறை மன்றத்தின் கிளைவரை செல்ல நேர்ந்தது. சுவரைப் படித்திருந்தால் மன்றப்படி ஏற வேண்டியிருந்திராது.

இனிச் சிற்பங்களுக்கு வருவோம். அங்குள்ள வாயிற்காவலர் சிலைகளைப் பார்த்து அஞ்சுவோர் உண்டு. பொருளுணர்ந்து நிற்போர் குறைவு. காவலன் காலடியில் ஒரு தண்டு. தண்டைச் சுற்றி ஒரு பாம்பு. பாம்பின் வாயில் பாதி விழுங்கப்பட்ட யானை. யானை எத்துணைப் பெரிது என்பது காண்பவனுக்குத் தெரியும். யானையை விழுங்கும் பாம்பு எத்துணைப் பெரிதாக வேண்டும்? அப்பாம்பைத் தன் தண்டில் ஒரு கயிறுபோல் கிடக்கவிட்டவன் எத்துணைப் பெரியவன்? அவன் வெறும் காவலனே எனின், உள்ளே இருப்பவன்? அக்காவலன் ஒரு கைச் சுட்டுவிரலால் எச்சரிக்கிறான். மறுகையை வியப்பில் விரிக்கிறான். சிற்பி ஒரு சொல்லும் வெட்டவில்லை. அளவுகளை வைத்தே வழக்காடியிருக்கிறான்.

மேலே இரண்டாம் வரிசை மாடங்களில் வில்லேந்திய உருவம் ஒன்றே மீண்டும் மீண்டும் வரக் காணலாம். அது முப்புரம் எரித்த சிவன். ஒரே உருவை ஏன் இத்தனை முறை செதுக்க வேண்டும்? போர் பல வென்ற அரசன் வில்லேந்திய இறைவனை விழைந்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுவர், பொருத்தமாகவே தோன்றுகிறது. கருவறையைச் சுற்றியுள்ள உள்திருச்சுற்றின் மேல்தளத்திலோ ஆடல் நிலைகள். நூற்றெட்டுக்கு இடம் வகுத்து, எண்பத்தொன்று மட்டுமே செதுக்கி முடித்தனர். எஞ்சிய இருபத்தேழும் உளி படாத வெறுங்கற்களாக அப்படியே நிற்கின்றன. ஆடுபவன் நான்கு கைகளுடைய சிவனே. வேலை ஏன் நின்றதென்று கல் சொல்லவில்லை. பொதுமக்கள் அங்கு ஏறிக் காண இயலாது.

கீழ்த்தளத்தின் இருட்சுவர்களில் சோழர் ஓவியங்கள் நாயக்கர் பூச்சின்கீழ் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த எசு. கே. கோவிந்தசாமி 1931இல் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். சுந்தரர் வாழ்வு அங்கே வண்ணத்தில் விரிந்து கிடக்கிறது.

பெருமையைக் காணத் தஞ்சைக்குச் செல்க. நுண்மையைக் காண வேண்டுமாயின் தாராசுரத்திற்குச் செல்க. இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்த அக்கோயிலின் கருவறை அடித்தளத்தில், நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு பட்டைகளில் செதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிற்கும் தமிழிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடிச் சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே அது கல்லேறிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்! முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட செய்தியைச் சிற்பி உள்ளங்கை அகலத்து இடத்தில் அடக்கிக் காட்டுகிறான். அதே கோயிலில் யானையும் விடையும் ஒருதலையைப் பகிர்ந்துகொள்ளும் உருவம் ஒன்றுண்டு. ஒரு பாதியை மூடினால் யானை. மறுபாதியை மூடினால் விடை. அது சிற்பியின் விளையாட்டு. அதைக் கண்டு மகிழும் சிறுவர் கூட்டம் அங்கு எப்போதும் உண்டு; சிறுவர்க்கே முதலில் விளங்குகிறது என்பதும் உண்மை.

இச்செல்வத்தைத் தமிழர் காத்த சிறப்பையும் சொல்லியாக வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிற்கற்களை 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துச் சென்றனர். அது வெள்ளையன் செய்த வேலை எனலாம். சண்டீசர் தலையில் இறைவன் மாலை சூட்டும் ஈடற்ற சிற்பம் அங்கே தப்பியது நற்பேறு. ஆனால் திருப்பணி என்ற பெயரால் நம்மவர் செய்தது என்ன? மணலைக் காற்றழுத்தத்தில் வீசிச் சுவர் கழுவினர். கருங்கல்லின் மேற்பரப்பு அவ்வீச்சில் பொடிந்து உதிர்கிறது. சிற்பியின் இறுதி உளி தொட்ட தோல் போயிற்று; மெல்லென வெட்டிய எழுத்து மழுங்கிற்று; மேற்பரப்புச் சொரசொரத்ததால் அழுக்கும் ஈரமும் முன்னிலும் விரைவாகப் படிகின்றன. தூய்மைக்காகச் செய்த வேலை தூய்மையையும் தரவில்லை. இனி, கல்வெட்டுக் கற்களைப் பிரித்து மீண்டும் அடுக்குகையில் தலைகீழாக வைப்பது, எழுத்தின்மேல் சுண்ணம் பூசுவது, மின்பெட்டி அறைவதற்குச் சிற்பத்தின் விலாவில் துளையிடுவது ஆகியவற்றைக் காணாத கோயில் அரிது.

களவோ தனிக்கதை. திருமுதுகுன்றத்துப் பழமலைநாதர் கோயிலின் புறமாடத்தில் நின்ற மாதொருபாகன் கற்சிலை பெயர்க்கப்பட்டுக் கடல் கடந்தது. 2004இல் ஆத்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்துக் கலைக்கூடம் அதனை விலைக்கு வாங்கியது. சீபுரந்தான் ஆடல்வல்லான் செப்புத்திருமேனி அந்நாட்டுத் தலைநகரக் கலைக்கூடத்திற்குச் சென்றது. இரண்டும் 2014 செப்டம்பரில் திரும்பின. எதனால் திரும்பின? இவை இன்ன கோயிலில் இருந்தவை என்பதற்குப் புதுவையிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்துவைத்த ஒளிப்படங்கள் சான்றாயின. அவ்வூர்களில் பிறந்து வளர்ந்தோர் எவரிடமும் அத்தகைய படம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகலின் கோயில் காணச் செல்வோர் இவற்றை உடன்கொள்க: ஒரு குறிப்பேடு, ஒரு ஒளிப்படக் கருவி, அரைநாட் பொழுது. தன்னைப் படம் பிடிப்பதற்கு முன் மாடத்தில் நிற்கும் உருவைப் பிடிக்க. எந்தத் திசைச் சுவர், எத்தனையாம் மாடம் என்று எழுதி நாளும் குறிக்க. காலையில் கதிரவன் சாய்ந்திருக்கும்போது செல்க. பக்கவாட்டு ஒளியில்தான் மழுங்கிய எழுத்தும் கண்ணுக்குத் தெரியும். சுண்ணக்கட்டி தேய்த்தோ எண்ணெய் பூசியோ எழுத்தைப் படிக்க முயலற்க. முதலில் தன் ஊர்க் கோயிலில் தொடங்குக. பெயர் பெற்ற கோயில்களுக்குக் காவலும் ஆய்வாளரும் உண்டு, குக்கிராமத்துக் கற்றளிக்குத் திருடனும் பாம்புமே துணை. சோழர்கால எழுத்து இன்றைய எழுத்தினின்று பெரிதும் விலகியதன்று. புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார வேறுபாடு இராது, சில எழுத்தின் வளைவு மாறும். ஓரிரு திங்கள் பயின்றால் ஒரு தொழிலாளியும் படித்துவிடலாம். தொடக்கத்திற்கு ஏற்ற இடம் தாராசுரமே. அங்கே சிற்பத்தின் மேலேயே பெயர் இருக்கிறது. தரையில் அமர்ந்தால் எழுத்து கண்மட்டத்திற்கு வந்துவிடும்.