தங்கவயலுக்கு ஒரு நாவல் வேண்டும்



ஆஞ்சி தாமஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் 2017-ல் 'தி ஹேட் யு கிவ்' என்ற நாவலை வெளியிட்டார். பதினாறு வயதுப் பெண் ஸ்டார். அவள் கண்ணெதிரே, அவளோடு வளர்ந்த நண்பனைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்கிறார். பார்த்த ஒரே சாட்சி அவள். வாயைத் திறந்தால் ஆபத்து. மூடிக்கொண்டால் செத்தவனுக்குத் துரோகம். அந்தப் பெண் எப்படிப் பேசத் துணிகிறாள் என்பதுதான் கதை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதைப் படித்திருக்கிறார்கள், கலங்கியிருக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், நம் பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில் இருக்கும் கோலார் தங்கவயலில் நம் மக்களுக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் கையில் கொடுக்க நாம் என்ன எழுதி வைத்தோம்?

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அந்தச் சுரங்கங்களை நடத்தியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் உள்ளே இறங்கினார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். வெள்ளைக்கார அதிகாரிக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம்; தொழிலாளிக்கு 'லைன்' என்ற வரிசைக் குடியிருப்பில் மூங்கில் தட்டி வீடு. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் விளக்கு எரிந்தது. அத்தனை அவசரமும் தங்கத்துக்காக. வெட்டி எடுத்தவனையோ வேலை முடிந்து மேலே வந்ததும் நிறுத்திச் சோதனை போட்டார்கள். 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்ய உத்தரவு வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாங்கள் திருடர்கள் இல்லை என்று அவர்கள் சொன்ன விதம் அது.

அவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்ததில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1907-ல் சென்னையில் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியபோது அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் கண்டார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை அங்கேதான் பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பாதாளத்தில் பாறை உடைத்தவர்களின் ஊரில் பத்திரிகையும் பதிப்பகமும் இருந்தன. தமிழ் இதழியல் வரலாற்றில் இதற்கு நாம் உரிய இடம் தந்தோமா?

நமக்குப் பேச வராமல் இல்லை. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பிரச்சினையை வைத்து இந்தப் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டதை இன்றும் நெஞ்சு பதறப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். தமிழன் தமிழனுக்குச் செய்த சாதிக் கொடுமை என்று வரும்போது மட்டும் நம் மேடைகள் பேச்சை மாற்றிவிடுகின்றன. இது எனக்கு ஏற்பில்லை. 1992-ல் எழுத்தாளர் பாமா 'கருக்கு' என்ற தன்வரலாற்று நூலை எழுதி அந்த மௌனத்தை உடைத்தார்.

இப்படி மௌனத்தை உடைத்ததற்கு நம் பக்கத்துத் தெருவிலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யா மாகடிப் பக்கம் மஞ்சனபெலே கிராமத்தில் பிறந்தவர். பிறகு, பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவர். அவருடைய தன்வரலாற்றைப் பெங்களூரில் வாழும் நம் எழுத்தாளர் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழாக்கியிருக்கிறார். அதன் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. வயலில் இரண்டு மனிதர்கள் தோளில் நுகத்தடியைச் சுமந்து ஏர் இழுக்கிறார்கள். பின்னால் ஒருவர் ஓட்டுகிறார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனுக்குத் தெரிகிறது, இழுப்பவர்களில் ஒருவர் தன் அப்பா. அந்தச் சிறுவன்தான் வளர்ந்து கர்நாடகமெங்கும் ஒலித்த பாடல்களை எழுதினான். தலித் சங்கர்ஷ சமிதியை உருவாக்கியவர்களில் ஒருவனானான். புத்தகத்தில் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம். அந்தச் சிரிப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளை தயங்காமல் பின்தொடரும். இளையோருக்கு எழுத நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல் இது.

தங்கவயலின் பிள்ளையை நாயகியாக வைத்து, இளையோர் படிக்கும்படி எழுதிய ஒரு தமிழ் நாவலை நான் இன்னும் பார்க்கவில்லை. 2024-ல் தங்கவயலை வைத்து 'தங்கலான்' படம் வந்தது, நல்லது. ஆனால் லைன் வீட்டில் படித்துக்கொண்டிருந்தவளின் கதை? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய அன்று அப்பா வேலையிழந்து திரும்பி வந்ததைப் பார்த்தவளின் கதை? அவள் தலைமுறை இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறது. உங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவராகக்கூட அவர் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நம் தமிழ்ச் சங்க நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள். ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வைக்கிறீர்கள். அதோடு இளையோர் நாவலுக்கு ஒரு பரிசு அறிவியுங்கள். தங்கவயல் பிள்ளைகளே எழுத வரும்படி அந்த அறிவிப்பை அங்குள்ள ராபர்ட்சன்பேட்டை வரை கொண்டுபோங்கள். அடுத்தது, நம் பிள்ளைகளை ஒரு நாள் சாம்பியன் ரீஃபுக்கு அழைத்துப்போய், சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வையுங்கள். கல்தூசி நுரையீரலைத் தின்ற மனிதர்கள் அவர்கள். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அடுத்த விழாவுக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே புறப்படுங்கள்.