நீர் மாத்திரையும் வெள்ளிக்கிழமையும்

(நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சிறுநீரகம் என்ற சொல் ஆண்டிபட்டிக்குப் புதியதன்று. 1984 டிசம்பர் தேர்தலின்போது, சிறுநீரகம் பழுதுபட்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். அவர்கள் வென்ற தொகுதி இது. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது அத்தகைய பெரிய நோயைப் பற்றியன்று; நம்மில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒரு சிறிய மாத்திரையைப் பற்றி. மருத்துவர் எழுதித் தரும் அதனை நாம் 'நீர் மாத்திரை' என்கிறோம்.

என் அத்தாவுக்கு இருதயம் பலவீனப்பட்டுக் கால்கள் வீங்கியிருந்தன. காலையில் ஒரு லாசிக்ஸ் மாத்திரை என்பது மருத்துவரின் கட்டளை. அத்தா அதனைத் தவறவிட்டதே இல்லை, வெள்ளிக்கிழமை தவிர. ஒளு நிற்காது, குத்பா நடக்கும்போது எழுந்து செல்வது அவர்களுக்குப் பெருங்கூச்சம். விட்ட மாத்திரையை ஈடு செய்வதாக எண்ணிச் சனிக்கிழமை இரண்டாக விழுங்குவார்கள். அப்படியொரு சனிக்கிழமை நண்பகலில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர்கள் ஜும்ஆவுக்கு நடந்து வரவேயில்லை. மருந்தகத்தில் நாள்தோறும் ஊராருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்த நான், என் வீட்டு மாத்திரையை எண்ணிப் பார்க்கவில்லை.

இம்மாத்திரை செய்வது இதுதான்: சிறுநீரகத்தின் வழியே உப்பை வெளியேற்றுகிறது. உப்பு போகும் வழியே நீரும் போகும். இரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் தேங்கும் சுமை குறைகிறது. நிறுத்திவிட்டால் மீண்டும் நீர் கோத்து, இரவில் படுத்தால் மூச்சு முட்டும். இரட்டிப்பாக எடுத்தாலோ நீருடன் பொட்டாசியமும் மிகுதியாகக் கழிந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழுந்து நின்றால் கண் இருளும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இருதயத் துடிப்பு தாறுமாறாகவும் கூடும். எனவே தவறிய வேளைக்கு மறுவேளையில் இரட்டிப்பு வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் ஜும்ஆவுக்கு என்ன வழி? அத்தாவுக்கு நான் சொல்லத் தவறியது இது. லாசிக்ஸ் உட்கொண்ட ஒரு மணி நேரத்திற்குள் வேலையைத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு உண்டால் நண்பகலில் பெரும்பாலும் அடங்கிவிடும். இல்லையெனில் தொழுதுவிட்டு வந்து இரண்டு மணிக்கு உண்ணலாம். இந்த நேர மாற்றத்தை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். கேட்கத்தான் நாம் வெட்கப்படுகிறோம். குளோர்தாலிடோன் போன்றவை ஒரு நாளைக்கும் மேலாக வேலை செய்பவை; அவற்றில் நேரத்தை மாற்றிப் பெரும் பயனில்லை. எந்த நீர் மாத்திரையையும் மருத்துவர் சொன்னாலன்றி உறங்கப் போகும் வேளையில் உண்ண வேண்டாம். இருட்டில் எழுந்து கழிப்பறைக்குச் செல்லும்போதுதான் முதியோர் விழுகின்றனர்.

"நான் நீர் மாத்திரை உண்பதில்லை" என்பவர்கள் தங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். பெயரின் இறுதியில் 'எச்' என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதனுள் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்னும் நீர் மருந்து கலந்திருக்கும். அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் கடையில் வேறொரு பெயரிலும் ஒரே மருந்தை வாங்கி இருமுறை உண்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

முழங்கால் வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இதனுடன் சேர்வது ஆபத்து. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் இவற்றில் ஒன்றும் உடன் இருந்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடும். இளநீர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. லாசிக்ஸ் பொட்டாசியத்தைக் குறைக்கும். அல்டாக்டோன் அதனைக் கூட்டும். ஆகவே பக்கத்து வீட்டாருக்கு நன்மை தந்த இளநீர் உங்களுக்குத் தீமையாகலாம். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனையை எத்தனை மாதத்திற்கொருமுறை செய்ய வேண்டுமென்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்க, இதற்கென மதுரை செல்ல வேண்டியதில்லை.

இருதய நோயாளிகள் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், எடை பார்த்து எழுதி வருவது நல்லது. மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர், மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அன்றே கேளுங்கள். சிலருக்கு அந்நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

இனி நோன்பு. ஸஹரில் நீர் மாத்திரையை உண்டுவிட்டு, கோடை வெயிலில் மஃரிப் வரை ஒரு மிடறு நீரின்றி இருந்தால் உடல் வறண்டுவிடும். மருத்துவர் அதனை இஃப்தாருக்குப் பின் மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், நோன்பே கூடாதென்றும் சொல்லலாம். ஷஅபான் மாதத்திலேயே சென்று கேளுங்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்க மார்க்கத்தில் இடமுண்டு. அதன் விவரத்தை இங்குள்ள ஆலிம்களிடம் கேட்டறிக. நோன்புக் கஞ்சியில் உப்பைக் குறைக்குமாறு சமையல் பொறுப்பாளர்களை வேண்டுகிறேன். மாத்திரை வெளியேற்றிய உப்பை வடையும் ஊறுகாயும் மீண்டும் உள்ளே அனுப்பினால் மாத்திரை என்ன செய்யும்?

மாத்திரையை மாலைக்கு மாற்றியோர் தராவீஹ் நடுவே எழுந்து செல்ல நேரலாம். அவர்கள் கடைசி வரிசையில், வாசலோரம் நிற்கட்டும். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஒளுச் செய்யுமிடத்திற்கு அருகில், படியேற வேண்டாதபடி, கைப்பிடி வைத்த மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றை இவ்வாண்டுச் செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான முதல் தொகையை என் அத்தாவின் பெயரில் நான் தருகிறேன்.